குற்றவாளிகளைப் பற்றிய ஆவணப்படங்கள் நம்மை எப்படி நம்ப வைக்கின்றன? பிரித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கொலை வழக்கைப் பற்றிய நான்கு பாக ஆவணத் தொடரைப் பார்த்து முடித்ததும் நம் கையில் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. இவன்தான் செய்தான், அல்லது பாவம், இவனை மாட்டிவிட்டுவிட்டார்கள். நீதிமன்றம் வருடக்கணக்கில் இழுத்த வழக்கை நாம் ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிடுகிறோம். அவ்வளவு உறுதி எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், "அதான் எல்லாத்தையும் ஆதாரத்தோட காட்டினாங்களே" என்போம்.

ஆதாரம் காட்டியிருப்பார்கள்தான். கூடவே, ஆதாரத்தின் தோரணையில் வேறு பலவற்றையும் காட்டியிருப்பார்கள். எல்லாம் அதே திரையில், அதே இசையோடு வருவதால் நமக்குக் கலந்துவிடுகிறது. அந்தக் கலவையைப் பிரித்துப் பார்ப்பதற்கான வழிமுறை இது. படம் எடுப்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. நேர்மையான இயக்குநரும் இதே உத்திகளைத்தான் கையாள்கிறார்.

தொடங்குவதற்கு முன்

உங்களை முழுசாக நம்ப வைத்த ஒரு தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். பிடிக்காத படத்தில் குறை கண்டுபிடிக்க யாருக்கும் பயிற்சி தேவையில்லை. அதில் ஒரு பாகத்தை வழக்கம்போலப் பாருங்கள். முடிந்ததும், இப்போது நீங்கள் உறுதியாக நம்புகிற மூன்று விஷயங்களைத் தாளில் எழுதுங்கள். அப்புறம் அதே பாகத்தை ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டாவது பார்வைக்கானவை. பொறுமை வேண்டும். 45 நிமிடப் பாகம் எளிதாக இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிடும்.

படி 1: கதவைத் திறந்துவிட்டது யார்?

எந்தக் குற்ற ஆவணப்படமும் யாரோ ஒருவர் கதவைத் திறந்துவிட்டதால்தான் பிறக்கிறது. போலீஸ் தன் கோப்புகளைத் தந்திருக்கலாம். குற்றவாளியின் குடும்பம் ஆல்பத்தைத் தந்திருக்கலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தன் அறைக்குள் கேமராவை விட்டிருக்கலாம். கதவைத் திறந்தவரின் பார்வை கதைக்குள் வராமல் போகாது. அதற்கு உள்நோக்கம்கூடத் தேவையில்லை. கையில் இருக்கும் காட்சிகளில் முக்கால்வாசி அவரிடமிருந்து வந்தவை என்றால் கதையும் அந்தப் பக்கமாகத்தான் சாயும்.

2023இல் வீரப்பனைப் பற்றி சில மாத இடைவெளியில் இரண்டு தொடர்கள் வந்தன. நெட்ஃபிளிக்ஸின் 'தி ஹன்ட் ஃபார் வீரப்பன்' ஆகஸ்டில் வந்தது. மனைவி முத்துலட்சுமி, வேட்டையில் இருந்த அதிகாரிகள், பத்திரிகையாளர்கள் என்று பலருடைய நினைவுகளை அடுக்கிக் கட்டிய தொடர் அது. ஜீ5இல் டிசம்பரில் வந்த 'கூச முனிசாமி வீரப்பன்' வேறு வகை. நக்கீரன் இதழ் காட்டுக்குள் போய் எடுத்த வீடியோவில் வீரப்பனே உட்கார்ந்து பேசுகிறார். ஆள் ஒருவர்தான், ஆனால் இரண்டு தொடர்களும் நம்மிடம் நம்பிக்கையைக் கேட்கும் விதம் வேறு. முதலாவது, "எல்லாத் தரப்பையும் கேட்டோம்" என்கிறது. இரண்டாவது, "அவர் வாயாலேயே கேளுங்கள்" என்கிறது. முடிந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒன்றில் பெரிதாக வரும் சம்பவம் மற்றதில் எவ்வளவு நேரம் வருகிறது என்று பார்த்தாலே இந்தப் படியின் பாடம் புரிந்துவிடும்.

உங்கள் தாளில் எழுத வேண்டியது ஒரே வரி: இந்தப் படத்துக்குக் கதவைத் திறந்தவர் யார், படம் எந்த மாதிரி வந்தால் அவருக்கு நல்லது?

படி 2: நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள்

பேட்டி தருபவர் வாயைத் திறப்பதற்கு முன்பே பாதி நம்பிக்கை வந்துவிடுகிறது. பின்னால் புத்தக அலமாரி, பக்கத்தில் கோப்புக் கட்டு, முகத்தின் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம், கீழே பெயரும் பதவியும். "ஓய்வுபெற்ற துப்பறியும் அதிகாரி" என்று எழுத்து விழுந்ததும் நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். அவர் அதே வழக்கை விசாரித்தவரா, விசாரணை சரியாக நடந்தது என்று நிரூபிப்பதில் அவருடைய பெயரும் அடங்கியிருக்கிறதா என்பதெல்லாம் அந்த எழுத்தில் இருக்காது.

பார்வையின் திசையையும் கவனியுங்கள். வழக்கமாகப் பேட்டி தருபவர் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவரைப் பார்த்துப் பேசுவார். எரல் மாரிஸ் என்ற அமெரிக்க இயக்குநர் 'இன்டரோட்ரான்' என்று ஒரு கருவியையே உருவாக்கினார். கேள்வி கேட்பவரின் முகம் லென்ஸுக்கு முன்னால் உள்ள கண்ணாடியில் தெரியும். பதில் சொல்பவர் அந்த முகத்தைப் பார்த்துப் பேசும்போது நம் கண்ணைப் பார்த்தே பேசுவது போலிருக்கும். நேருக்கு நேர் கண்ணைப் பார்த்துப் பேசுபவரைச் சந்தேகிப்பது நமக்குக் கஷ்டம். சில படங்கள் அந்தக் கஷ்டத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

பேசுகிற ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: பார்த்தவர், கேள்விப்பட்டவர், கருத்துச் சொல்பவர். மனநல நிபுணர், குற்றவியல் பேராசிரியர், வழக்கைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் எல்லாரும் பெரும்பாலும் மூன்றாவது வகை. குற்றவாளியை ஒரு தடவைகூடச் சந்திக்காத நிபுணர், "அவனுக்கு அந்த நேரத்தில் ஒருவித அதிகார போதை" என்று அடித்துச் சொல்வார். முடிவில் எண்ணிப் பாருங்கள். பார்த்தவர்கள் எத்தனை பேர் தேறுகிறார்கள் என்பது உங்களையே ஆச்சரியப்படுத்தலாம்.

அடுத்தது ஒட்டு. பேசுபவரின் முகம் திரையில் இருக்கும்வரை வார்த்தைகளை வெட்டினால் தெரிந்துவிடும், தலை குதிக்கும். அதனால் வெட்ட வேண்டிய இடத்தில் ஒரு ட்ரோன் காட்சியோ, பழைய புகைப்படமோ, மழை பெய்யும் ஜன்னலோ போட்டு மூடுவார்கள். குரல் மட்டும் தொடரும். இது எல்லாப் படங்களிலும் நடப்பதுதான். பெரும்பாலும் இருமலையும் இழுவையையும் எடுப்பதற்காகச் செய்வார்கள். ஆனால் வெவ்வேறு இடங்களில் பேசிய துண்டுகளை ஒட்டி, அவர் சொல்லாத ஒரு வாக்கியத்தையும் இப்படி உண்டாக்க முடியும். தொழிலில் இருப்பவர்கள் அதற்கு 'ஃபிராங்கன்பைட்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகவே முக்கியமான வாக்கியம் வரும்போது முகம் திரையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காதைத் தீட்டுங்கள். வாக்கியத்தின் நடுவில் குரலின் ஏற்ற இறக்கம் திடீரென மாறும், மூச்சு வர வேண்டிய இடத்தில் வராது, அறையின் இரைச்சல் ஒரு கணம் அறுபடும்.

முகபாவமும் அப்படித்தான். லெவ் குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் நூறு வருடத்துக்கு முன்பே காட்டிவிட்டார்: அதே முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்குப் பக்கத்தில் வைத்தால் பசி தெரியும், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் துக்கம் தெரியும். குற்றம்சாட்டப்பட்டவர் கோர்ட்டில் சிரிக்கிறாரே, அந்தச் சிரிப்பு எந்தப் பேச்சுக்கு வந்தது என்று படம் உங்களுக்குச் சொல்லியிருக்கிறதா?

படி 3: குற்றவாளியின் சொந்தக் குரல் வந்தால் இரட்டிப்பு ஜாக்கிரதை

எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான படி. மற்றவர்கள் ஆயிரம் சொல்லட்டும், குற்றவாளியே பேசும் ஒலிநாடா ஒன்று வந்தால் விவாதம் முடிந்தது என்று நினைக்கிறோம். படமும் அதை அப்படித்தான் வைக்கும். இருட்டில் ஒரு டேப் ரிக்கார்டர், விரல் பட்டனை அழுத்துகிறது, சக்கரங்கள் சுழல்கின்றன, கரகரப்பு, அப்புறம் குரல். அந்த ரிக்கார்டர் பெரும்பாலும் படப்பிடிப்புக்காக வாங்கி வைத்த பொருள்.

பல பெண்களைக் கொன்ற அமெரிக்கத் தொடர் கொலைகாரர் டெட் பண்டியின் ஒலிநாடாக்களை வைத்து 2019இல் ஒரு நெட்ஃபிளிக்ஸ் தொடர் வந்தது. ஸ்டீபன் மிஷாட், ஹியூ ஏன்ஸ்வொர்த் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் மரண தண்டனைக் கைதியாக இருந்த பண்டியைப் பேட்டி கண்டு பதிவு செய்தவை அவை. நூறு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். ஆனால் பண்டி அப்போது குற்றத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை. பேச்சு நகராததால் மிஷாட் ஒரு வழி கண்டுபிடித்தார். இதைச் செய்தவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று நீயே ஆராய்ந்து சொல்லேன் என்றார். பண்டி உற்சாகமாகி, மூன்றாம் மனிதனைப் பற்றிப் பேசுவது போல "அவன்", "அவன்" என்றே பேசினார். அந்தப் பேச்சு வேறொரு காட்சியின் மேல் ஓடும்போது நம் காதில் அது வாக்குமூலமாகத்தான் விழுகிறது. பண்டி கொலைகாரர் என்பதில் சந்தேகம் கிடையாது. இறுதிக் காலத்தில் பல கொலைகளை அவரே ஒப்புக்கொண்டார். இங்கே கேள்வி, அந்தக் குறிப்பிட்ட நாடா எதை நிரூபிக்கிறது என்பதுதான்.

இதைவிடக் கூர்மையான உதாரணம் ராபர்ட் டர்ஸ்ட், கொலைச் சந்தேகங்கள் சூழ்ந்திருந்த நியூயார்க் பணக்காரக் குடும்பத்து வாரிசு. எச்பிஓவின் 'தி ஜின்க்ஸ்' தொடர் 2015இல் முடிந்த விதத்தைப் பற்றிப் பேசாதவர் இல்லை. பேட்டி முடிந்து, சட்டையில் மைக் இருப்பதை மறந்து கழிவறைக்குப் போன டர்ஸ்ட் தனக்குத் தானே முணுமுணுக்கிறார். நாம் கேட்ட வரிசை இது: "நான் என்னதான் செய்தேன்? எல்லாரையும் கொன்றேன், வேறென்ன." கேள்வியும் பதிலும். 2019இல் நீதிமன்றத்துக்கு வந்த எழுத்துப் பிரதியைப் பார்த்தால் வரிசையே வேறு. கொன்றேன் என்ற வரி முன்னாடி வருகிறது. அதற்குப் பிறகு தொடர்பில்லாத பல வாக்கியங்கள், சரியாகக் கேட்காத சில சொற்கள். கடைசியில்தான் "நான் என்னதான் செய்தேன்" வருகிறது. இரண்டு வரிகளும் அவர் சொன்னவைதான். அவற்றைக் கேள்வி பதிலாக ஆக்கியது எடிட்டிங் மேசை.

டர்ஸ்ட் 2021இல் தன் தோழி சூசன் பெர்மன் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டார். அதனால் எடிட்டிங்கில் என்ன தப்பு என்று சிலர் கேட்பார்கள். சரியான விடைக்கு வந்த கணக்கில் நடுவில் ஒரு வரியை மாற்றி எழுதினால் விடை தப்பாகாது. ஆனால் அடுத்த கணக்கை அந்த ஆளிடம் நம்பிக் கொடுக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. முழு வாக்குமூலமே பொய்யாக இருக்கலாம். அமெரிக்காவில் ஹென்றி லீ லூகாஸ் என்பவர் 1983இல் கைதான பிறகு நூற்றுக்கணக்கான கொலைகளை ஒப்புக்கொண்டார். கேமரா முன்னால், இடத்தைக் காட்டி, நிதானமாக. பல மாநிலப் போலீசார் வரிசையில் நின்று தங்கள் பழைய வழக்குகளை அவர் பெயரில் முடித்துக்கொண்டார்கள். பத்திரிகையாளர்கள் தேதிகளைச் சரிபார்த்தபோது பல கொலைகள் நடந்த நாளில் அவர் வேறு மாநிலத்தில் இருந்தது தெரிந்தது. அவரை மரண தண்டனைக்கு அனுப்பிய வழக்கிலேயே சந்தேகம் வலுத்து, 1998இல் டெக்சாஸ் ஆளுநராக இருந்த ஜார்ஜ் புஷ் தண்டனையை ஆயுளாகக் குறைத்தார். லூகாஸின் வீடியோவை மட்டும் வைத்துப் படம் எடுத்திருந்தால் அதைவிட நம்பகமான ஆவணப்படம் இருந்திருக்காது.

படி 4: சித்தரிப்புக் காட்சிகளைக் கணக்கெடுங்கள்

கையுறை போட்ட கை, கதவின் பூட்டு, மங்கலாக ஓடும் ஒரு உருவம், தரையில் விழும் கண்ணாடி. முகம் மட்டும் தெரியவே தெரியாது. முகம் தெரிந்தால் நடிகர் என்று மூளை விழித்துக்கொள்ளும் என்பதுதான் காரணம். டிவிச் செய்திகளிலாவது ஓரத்தில் "சித்தரிப்பு" என்று போடுவார்கள். பல தொடர்களில் தொடக்கத்தில் ஒரே ஒரு அட்டை, அதுவும் இரண்டு நொடி. சில மாதம் கழித்து அந்த வழக்கை நினைத்துப் பார்த்தால் நினைவுக்கு வருவது அந்த நடிகரின் கைதான்.

இப்படிப்பட்ட ஒவ்வொரு காட்சிக்கும் தாளில் ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் எழுதுங்கள்: இது யார் சொன்னதன்படி எடுக்கப்பட்டது? போலீஸ் சொன்னதா, சாட்சி சொன்னதா, யாருமே சொல்லாததா?

இதே உத்தியை நேர்மையாகப் பயன்படுத்துவது எப்படி என்பதற்கும் உதாரணம் உண்டு. நான் மேலே சொன்ன எரல் மாரிஸ் 1988இல் எடுத்த 'தி தின் ப்ளூ லைன்'. 1976இல் டல்லாஸில் ராபர்ட் வுட் என்ற காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். ராண்டல் டேல் ஆடம்ஸ் என்பவருக்கு மரண தண்டனை விதித்து, பிறகு ஆயுளாகக் குறைத்தார்கள். மாரிஸ் அந்தச் சுடும் காட்சியைத் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டுகிறார். ஒவ்வொரு தடவையும் ஏதோ மாறுகிறது. வுட்டுடன் பணியில் இருந்த பெண் காவலர் விதிப்படி காருக்கு வெளியே நின்றாரா, உள்ளேயே உட்கார்ந்திருந்தாரா? அவர் கையில் இருந்த மில்க் ஷேக் கோப்பை காற்றில் பறந்து சாலையில் சிந்துகிறது, அதையும் நிதானமாகக் காட்டுகிறார். எந்த வடிவமும் "இதுதான் நடந்தது" என்று சொல்வதில்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் சாட்சியம். சாட்சியங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதை நம் கண்ணாலேயே பார்க்க வைக்கிறார். கடைசியில், ஆடம்ஸுக்கு எதிராகச் சாட்சி சொன்ன இளைஞனின் குரலே, ஆடம்ஸ் நிரபராதி என்று தனக்குத் தெரியும் என்கிறது. அடுத்த வருடம் ஆடம்ஸ் வெளியே வந்தார்.

அந்தக் கடைசிப் பேட்டியின் போதும் திரையில் டேப் ரிக்கார்டர் மட்டும்தான். அன்றைக்குக் கேமரா பழுதாகிவிட்டது, ஒலி மட்டுமே கிடைத்தது. பின்னாளில் எத்தனையோ படங்கள் அந்த ரிக்கார்டரை அலங்காரத்துக்காக எடுத்துக்கொண்டன.

படி 5: காகிதம் வரும்போது நிறுத்துங்கள்

எஃப்.ஐ.ஆர், பிரேதப் பரிசோதனை அறிக்கை, செய்தித்தாள் துண்டு. கேமரா மெதுவாக நெருங்கும், ஒரு வரி மட்டும் பளிச்சென்று தெரியும், மற்றவை மங்கும். படம் நிற்காது, ஆனால் உங்களால் நிறுத்த முடியும். நிறுத்தி, அந்த வரிக்கு மேலும் கீழும் உள்ளதைப் படியுங்கள். சில சமயம் அடுத்த வரியே அதை மாற்றிச் சொல்லும். செய்தித்தாளின் தேதியையும் பாருங்கள். கைதான அன்று வந்த செய்தி போலீஸ் சொன்னதன் நகல், அவ்வளவுதான்.

பழைய வீடியோக்களில் நிறைய ஊமைப்படங்கள். கார் கதவு மூடும் சத்தம், கேமரா ஃபிளாஷ் வெடிக்கும் சத்தம், கூட்டத்தின் முணுமுணுப்பு எல்லாம் ஸ்டுடியோவில் சேர்த்தவை. இதில் பெரிய தப்பு எதுவும் இல்லை. புகைப்படங்கள் வேறு கதை. 2024இல் வந்த 'வாட் ஜெனிஃபர் டிட்' படத்தில் சில புகைப்படங்களின் விரல்களும் பல்லும் விசித்திரமாக இருப்பதாகப் பார்வையாளர்கள் கண்டுபிடித்து, செயற்கை நுண்ணறிவால் மாற்றப்பட்டவை என்று குற்றச்சாட்டு கிளம்பியது. இனிமேல் இந்தச் சந்தேகம் எல்லாப் படத்துக்கும் வரும்.

படி 6: அறிவியல் வந்தால் வருடத்தைப் பாருங்கள்

வெள்ளைக் கோட்டு, நுண்ணோக்கி, "நூறு சதவீதம் பொருந்தியது" என்ற வாக்கியம். பண்டியின் 1979 விசாரணையில் பிணத்தில் இருந்த பல் தடத்தை அவர் பல்லோடு பொருத்திக் காட்டியது அந்த வழக்கின் பிரபலமான கட்டம். ஆனால் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகத்தின் 2009 அறிக்கை, பல் தடத்தை வைத்து ஒரு குறிப்பிட்ட ஆளை அடையாளம் காட்டுவதற்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்றது. அரிசோனாவில் பல் தடத்தை வைத்து மரண தண்டனை பெற்ற ஒருவர் டிஎன்ஏ பரிசோதனைக்குப் பிறகு 2002இல் விடுதலையானார். ஆக, தடயவியல் காட்சி வரும்போது கேட்க வேண்டியது: இந்த முறை இன்றைக்கும் செல்லுபடியாகிறதா, படம் அதைச் சொல்கிறதா? பொய் கண்டறியும் கருவி, கையெழுத்து ஒப்பீடு, உளவியல் சித்திரம் (குற்றம் நடந்த விதத்தை வைத்துச் செய்தவரின் குணத்தை ஊகிப்பது) ஆகியவற்றுக்கும் இதே கேள்விதான்.

படி 7: விட்டுப்போனதைத் தேடுங்கள்

இதுவரை திரையில் உள்ளதைப் பார்த்தோம். படத்தில் இல்லாததைப் படத்துக்குள் தேட முடியாது, வெளியே போக வேண்டும். நெட்ஃபிளிக்ஸின் 'மேக்கிங் எ மர்டரர்' 2015இல் வந்தபோது, ஸ்டீவன் ஏவரியை விடுவிக்கச் சொல்லி லட்சக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள். செய்யாத குற்றத்துக்காக 18 வருடம் சிறையில் இருந்து 2003இல் டிஎன்ஏவால் வெளியே வந்தவர், இரண்டே வருடத்தில் கொலை வழக்கில் கைதாகிறார் என்ற கதைக்கு அந்த வேகம் இயல்புதான். பிறகு அரசு வழக்கறிஞர் கேட்டார்: கொல்லப்பட்ட பெண்ணுடைய காரின் முன்மூடித் தாழ்ப்பாளில் ஏவரியின் டிஎன்ஏ கிடைத்ததை ஏன் காட்டவில்லை? வாரக்கணக்கில் நடந்த விசாரணை முழுவதையும் காட்ட முடியாது என்பது இயக்குநர்களின் பதில். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த ஆதாரத்துக்கு எதிர்த்தரப்பு ஒரு பதிலும் வைத்திருந்தது. ஆனால் படம் பார்த்தவருக்கு அப்படி ஓர் ஆதாரம் இருந்ததே தெரியாது.

எனவே தீர்ப்பைத் தேடிப் படியுங்கள். பல நாடுகளின் நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுவதும் படிக்க நேரமில்லை என்றால், மேல்முறையீட்டுத் தீர்ப்பின் தொடக்கத்தில் வரும் வழக்குச் சுருக்கம் போதும். அதில் உள்ள ஆதாரங்களைப் பட்டியல் போட்டு, படத்தில் வராதவற்றுக்கு வட்டம் போடுங்கள்.

இறுதியில் ஓடும் எழுத்துகளையும் விடாதீர்கள். "அவர் பேட்டி தர மறுத்துவிட்டார்" என்ற வரி மறுத்தவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடுகிறது. வழக்கறிஞர் பேச வேண்டாம் என்றிருக்கலாம். கொல்லப்பட்டவரின் குடும்பம் திரும்ப அந்த நாளுக்குள் போக விரும்பாமல் இருந்திருக்கலாம். கொல்லப்பட்டவரைப் பற்றி மொத்தம் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று பார்ப்பதும் இந்தப் படியில்தான் சேரும்.

படி 8: படம் தன்னையே சந்தேகிக்கும்போது

இது சமீப கால வழக்கம். இயக்குநரே திரையில் தோன்றுவார், தடுமாறுவார், "எனக்கே உறுதியாகத் தெரியவில்லை" என்பார். இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொள்பவர் ஏமாற்றமாட்டார் என்று நமக்குத் தோன்றிவிடும். சில இயக்குநர்களிடம் அது நிஜமான தயக்கம். வேறு சிலரிடம் எழுதி வைத்து நடித்தது. சோதிக்க வழி உண்டு: அந்தத் தயக்கத்துக்குப் பிறகு படம் உண்மையிலேயே திசை மாறுகிறதா, எதிரான ஒரு ஆதாரத்தையாவது முழுசாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். இசையோடு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அதே பாதையில் போனால் அது அலங்காரம்.

படி 9: இப்போது உங்கள் தாளுக்குத் திரும்புங்கள்

முதலில் எழுதிய மூன்று நம்பிக்கைகளில் ஒவ்வொன்றுக்கும் எதிரில் அது எதன்மேல் நிற்கிறது என்று எழுதுங்கள். நேரில் பார்த்தவரின் சாட்சியமா, காகிதமா, நிபுணரின் கருத்தா, சித்தரிப்பா, ஒட்டிய குரலா? கருத்தின் மேலும் சித்தரிப்பின் மேலும் மட்டும் நிற்பதைப் பொய் என்று அடித்துவிட வேண்டாம், பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுங்கள். மூன்றில் ஒன்று தாங்கினால்கூட அது நல்ல படம் என்பேன்.

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால் மட்டும் கணக்கு மாறும். மகள் கொலை வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட இந்திராணி முகர்ஜியைப் பற்றிய தொடர் 2024 பிப்ரவரியில் வெளியாக இருந்தபோது, விசாரணை பாதிக்கப்படும் என்று சிபிஐ தடை கேட்டது. பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகள் தொடரைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுமதித்தார்கள். அப்படிப்பட்ட தொடரில் பேசுகிறவர் நாளைக்கே சாட்சிக் கூண்டில் ஏறலாம், அங்கே குறுக்கு விசாரணையும் இருக்கும். படத்தில் அது கிடையாது. அதனால் பட வெளியீட்டுத் தேதியையும் வழக்கின் அன்றைய நிலையையும் தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். தீர்ப்பு வராத வழக்கு என்றால் மேலே சொன்ன எட்டுப் படிகளையும் தீர்ப்பு வந்த பிறகு இன்னொரு தடவை ஓட்ட வேண்டியிருக்கும்.